சராசரியில் மறையும் மூச்சு

காற்று எல்லோருக்கும் பொது என்கிறோம். ஆனால் யார், எந்த இடத்தில், எந்த வேளையில், எவ்வளவு நேரம் அதைச் சுவாசிக்கிறார் என்பது பொதுவானதன்று. வாழிடத்தையும் தொழிலையும் சாதி வகுத்துவைத்திருக்கும் சமூகத்தில், காற்று மாசைக் கணக்கிடும் முறையும் சமூகநீதி சார்ந்த கேள்வியே.

இராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் எடுத்துக்கொள்வோம். திருமங்கலம் - கொல்லம் தேசிய நெடுஞ்சாலை இரண்டையும் ஊடறுத்துச் செல்கிறது. இராஜபாளையம் நூற்பாலைகளுக்குப் பெயர் பெற்றது. 2019இல் தொடங்கப்பட்ட தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் தமிழ்நாட்டின் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி ஆகியவை இடம்பெற்றுள்ளன. இவ்விரு நகரங்களும் இல்லை. பெருநகரங்களுக்குக் கிடைக்கும் கவனம் கிடைக்காத இத்தகைய ஊர்களில், மக்கள் சுவாசிக்கும் மாசின் அளவை அறியக் கணிப்பு மாதிரிகளையே பெரிதும் நாட வேண்டியுள்ளது.

மாதிரி செயல்படும் விதம் எளிது. கண்காணிப்புக் கருவி, தான் நிற்கும் இடத்தின் காற்றை மட்டுமே அளக்கும். அந்த அளவீடுகளைச் சாலையின் தொலைவு, வாகன நெரிசல், ஆலைகளின் அமைவிடம், காற்றின் திசை, செயற்கைக்கோள் பதிவுகள் ஆகியவற்றோடு பொருத்தி, கருவியில்லாத தெருவின் மாசு மதிப்பிடப்படுகிறது. இது இடத்தின் கணக்கு.

காலத்தின் கணக்கு வேறு. இரவில் தரை குளிரும்போது அதையொட்டிய காற்று மேலெழாமல் தங்கிவிடுவதால் மாசு தாழ்வாகத் தேங்குகிறது. வெயில் ஏறிய பிறகே கலைகிறது. தூய்மைப் பணியாளர்கள் தெருக்களைக் கூட்டுவது பெரும்பாலும் அந்த அதிகாலை வேளையில்தான். துடைப்பம் கிளப்பும் புழுதியும் அதனோடு சேர்கிறது.

விளக்கத்திற்காக ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். நகரின் கருவி, பிஎம் 2.5 நுண்துகளின் ஒருநாள் சராசரி கன மீட்டருக்கு 55 மைக்ரோகிராம் என்று காட்டுகிறது. இந்தியாவின் 2009ஆம் ஆண்டுத் தர அளவு 60 என்பதால், அன்று நகரம் ‘தேர்ச்சி’ பெறுகிறது. அதே நாளில் ஒரு பணியாளர் 8 மணி நேரம் 150 அளவுள்ள சாலைக் காற்றிலும், 16 மணி நேரம் 60 அளவுள்ள குடியிருப்புக் காற்றிலும் இருந்தால், அவருடைய சராசரி 90. உடலுழைப்பால் மூச்சு வேகமெடுப்பதால் நுரையீரலுக்குள் செல்லும் அளவு இன்னும் கூடும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த ஒருநாள் வரம்போ வெறும் 15.

ஆலைக்குள் இருக்கும் பஞ்சுத் தூசு இந்தக் கணக்கிலேயே வராது. அத்தூசை நெடுங்காலம் சுவாசிப்போருக்குப் ‘பிசினோசிஸ்’ என்னும் நுரையீரல் நோய் உண்டாகிறது. விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுகுவது அதன் தொடக்க அறிகுறி. வெளிக்காற்றை மட்டும் கணக்கிடும் மாதிரிக்கு இந்தத் தொழிலாளர் தெரிவதில்லை.

சாதியும் இப்படியே மறைகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பட்டியல் சமூகத்தினரின் எண்ணிக்கையை வார்டு வாரியாகத் தருகிறது. அதை மாசு வரைபடத்தின் மீது பொருத்திப் பார்க்க முடியும். ஆனால் தீண்டாமை வார்டு எல்லையைப் பார்த்துக் கோடு கிழிப்பதில்லை. ஒரே வார்டில் ஊர்த்தெருவும் காலனியும் இருக்கலாம். குப்பை எரியும் இடம் இரண்டில் ஒன்றுக்கு மட்டும் அருகில் இருக்கலாம். ஒரு கிலோமீட்டர் கட்டங்களாக நிலத்தைப் பிரிக்கும் வரைபடம், அவ்விரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் தரும்.

ஆகவே மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் ‘நகரின் சராசரி எவ்வளவு?’ என்பதோடு நின்றுவிடக் கூடாது. கருவி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, கட்டம் எவ்வளவு பெரியது, யாருடைய வேலை நேரம் சேர்க்கப்பட்டது என்று கேட்க வேண்டும். விலை குறைந்த உணரிகளைத் தரமான கருவியோடு ஒப்பிட்டுச் சரிசெய்து, காலனித் தெருக்களிலும் பணியாளரின் தோளிலும் வைத்து அளக்கலாம். மணிவாரியாக அவர்களது நாளைப் பதிவுசெய்யலாம். அந்தத் தரவு இல்லாமல் ‘இந்நகரின் காற்று பாதுகாப்பானது’ என்று சொல்லப்படுமானால், அது யாருக்குப் பாதுகாப்பானது என்ற கேள்வி விடையின்றியே நிற்கும்.