அரிச்சல்முனைக்குப் போய்வர பதினெட்டு நாள் கூலி

அருப்புக்கோட்டைப் பக்கத்து வீடு ஒன்றில் ஐந்து பேர் என்று வைத்துக்கொள்வோம். அப்பத்தா, மகன், மருமகள், 14 வயதுப் பேத்தி, 9 வயதுப் பேரன். இரண்டு பகல், ஒரு இரவு ராமேஸ்வரம் தீவுக்குப் போய்வர வேண்டும். கடல் பார்க்கவேண்டும், காற்று வாங்கவேண்டும், கூட்டத்தில் நசுங்கக் கூடாது. இந்த மூன்றாவது ஆசைதான் கணக்கைச் சிக்கலாக்குகிறது.

முதலில் தூரம். அருப்புக்கோட்டையில் கிளம்பி திருச்சுழி, நரிக்குடி, பார்த்திபனூர், பரமக்குடி, ராமநாதபுரம் வழியாகப் போனால் ஒரு பக்கம் ஏறத்தாழ 150 கி.மீ. இதில் ராமநாதபுரத்துக்கு அப்பால் மட்டும் 55. அரசுப் பேருந்துக்கு 2018 சனவரியில் நிர்ணயித்த விகிதம் சாதாரண வண்டிக்கு கிலோமீட்டருக்கு 58 காசு, விரைவு வண்டிக்கு 75 காசு. விரைவு வண்டி என்றே போட்டால் தலைக்கு 113 ரூபாய், அரை டிக்கெட் பேரனுக்கு 57. ஒரு நடை 509, போகவர 1,018. மாறி ஏறும் இடத்தில் காசு ரவுண்டு ஆகும், பத்து இருபது கூடலாம்.

வாடகைக் கார் வைத்தால்? தனுஷ்கோடி போய்வருவதையும் சேர்த்து 360 கி.மீ. கிலோமீட்டருக்கு 14 ரூபாய், டிரைவர் பேட்டா நாளுக்கு 500 என்று பேசினால் 6,040. பேருந்தைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு. அப்பத்தாவுக்கு முழங்கால் வலி என்றால் இந்த வரியைத் தனியாக யோசிக்கலாம். மற்றபடி பேருந்தே போதும்.

ரயிலில் செலவு இன்னும் குறையும், பேருந்துக் கட்டணத்தில் பாதிகூட ஆகாது. ஆனால் அருப்புக்கோட்டை வழியே ஓடும் வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மானாமதுரையில் இறங்கி ராமேஸ்வரம் வண்டிக்குக் காத்துக்கிடக்க வேண்டும். அருப்புக்கோட்டை – மானாமதுரை பாதை திறந்தது 1964-ல். அதே ஆண்டு டிசம்பர் 22 இரவு வீசிய புயல் தனுஷ்கோடியையும், அங்கே வந்துகொண்டிருந்த பாம்பன் பாசஞ்சரையும் கொண்டுபோனது. வண்டியில் இருந்தவர்கள் 115 பேர் என்பார்கள். நம் ஊர்க்காரர்கள் தனுஷ்கோடி வரை தண்டவாளத்திலேயே போயிருக்கக்கூடிய காலம் சில மாதங்கள்தான்.

ரயிலில் போகிறவர்களுக்குப் பாலத்தைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தின் நீளம் 2.06 கி.மீ. கடைசிக் காலத்தில் வண்டி அதில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தது. கடந்து முடிக்கப் பன்னிரண்டு நிமிடம். 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாலமும் ஏறக்குறைய அதே நீளந்தான், 2.08 கி.மீ. அனுமதித்த வேகம் 75, செங்குத்தாகத் தூக்கும் 72.5 மீட்டர் கண்ணில் 50. இரண்டு நிமிடத்தில் மண்டபம் கரையிலிருந்து தீவில். பொறியியலாக இது முன்னேற்றம், மறுக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்த பேரனுக்கு மட்டும் பத்து நிமிடக் கடல் நஷ்டம். பேருந்தில் போனாலும் குறையில்லை, 1988-ல் திறந்த சாலைப் பாலத்திலிருந்து ரயில் பாலம் தெரியும்.

இனி காற்று. பழைய பாலத்தில் வண்டி ஓடிய காலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்புக்குப் போனது, வண்டி நின்றது. ஆடி மாதம் நம் கரிசல் காட்டில் கூரைத் தகரத்தைத் தூக்குகிற அதே தென்மேற்குக் காற்று, வழியில் தடுக்க ஒரு மரம்கூட இல்லாத மணல்திட்டில் எப்படி வீசும் என்று நினைத்துக்கொள்ளலாம். தனுஷ்கோடியின் நுனியான அரிச்சல்முனையில் அப்போது மணல் கணுக்காலில் ஊசி போலக் குத்தும். தூக்குவாளியைத் திறந்தால் புளியோதரையில் நறநறவென்று அரைபடும். ஆள் கூட்டம் இருக்காது என்பது மட்டும் உறுதி, ஆடி அமாவாசை நீங்கலாக. அந்தப் பருவத்தில் மன்னார் வளைகுடா பக்கம் கொந்தளிக்கும், பாக் நீரிணைப் பக்கம் அமைதியாகக் கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு இரண்டும் இடம் மாறும். தீவுக்காரர்கள் ஒன்றை ஆண் கடல் என்றும் மற்றதைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். முனையில் எந்தப் பருவத்திலும் இறங்கிக் குளிக்கக் கூடாது. இரண்டு கடலும் முட்டும் இடத்தில் இழுப்பு அதிகம்.

ஆகவே எந்த மாதம்? பள்ளிக்கூட விடுமுறை சித்திரை, வைகாசியில் வருகிறது. அப்போதுதான் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். நாட்டுப் படகு கொண்டுவருவதுதான் மீன். சீலா மீன் விலையைக் கேட்டுவிட்டுச் சாம்பாருக்குத் திரும்ப வேண்டியிருக்கும். மார்கழியில் அரையாண்டு விடுமுறை உண்டு, ஆனால் ஐயப்ப பக்தர் கூட்டமும் உண்டு. தை அமாவாசை பற்றிச் சொல்லவே வேண்டாம். அறை வாடகை அன்று சொன்னதுதான் விலை. இதில் அப்பத்தாவோடு ஒரு வழக்கு வரும். தாத்தாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க அமாவாசைதான் வேண்டும் என்பார். அமாவாசையும் அமைதியும் ஒரே டிக்கெட்டில் கிடைக்காது. மகன்தான் பேசிச் சமாளிக்க வேண்டும்.

என் கணக்கில் தேறுவது மாசி. குதிரைவாலியும் சோளமும் வீட்டுக்கு வந்திருக்கும், காட்டில் அவசர வேலை குறைவு, கையில் கொஞ்சம் காசு இருக்கும். வெயில் ஏறவில்லை, காற்று இருக்கும், அடிக்காது. சிவராத்திரியைத் தள்ளிவிட்டு ஒரு சனி, ஞாயிறு. கோடியக்கரைப் பக்கம்போல இங்கும் பூநாரை வரும் காலம் அது. 2025 ஜூனில் தனுஷ்கோடியைப் பூநாரைச் சரணாலயமாகவே அரசு அறிவித்துவிட்டது.

செலவைக் கூட்டுவோம். சாதாரண லாட்ஜில் ஐந்து பேருக்கு ஒரு அறை, தரையில் ஒரு பாய் விரித்து, 1,800. கோயிலில் 22 தீர்த்தம், ஆளுக்கு 25 வீதம் 125. தனுஷ்கோடி போய்வரவும் ஊருக்குள் ஆட்டோவுக்கும் 500. சாதாரணக் கட்டண நகரப் பேருந்து வாய்த்தால் மூன்று பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அதில் கொஞ்சம் மிஞ்சும். சாப்பாட்டில் முதல் நாள் மதியம் வீட்டுப் புளியோதரை, முக்கால் கிலோ அரிசி, சாமான் சேர்த்து 150. இரவு டிபன் 350, மறுநாள் காலை 300, மதியம் மீன் சாப்பாடு ஆளுக்கு 180 என்று 900, டீ, வடை, தண்ணீர் 400. சாப்பாடு மட்டும் 2,100. சங்கு, பாசி, பேரன் அடம்பிடிப்பது 400. பேருந்தைச் சேர்த்தால் மொத்தம் 5,943. விலைகள் கடைக்குக் கடை ஏறி இறங்கும், ஆனால் இந்தச் சுற்றுவட்டத்தில்தான் நிற்கும்.

2025-26-க்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி 336. அதன்படி இந்தப் பயணம் பதினெட்டு நாள் கூலி. புருஷனும் பெண்சாதியும் இரண்டு நாள் வேலைக்குப் போகாததால் விடுகிற 1,344-ஐ யாரும் நோட்டில் எழுதுவதில்லை. எழுதினால் 7,287, நாள் கணக்கில் இருபத்திரண்டை நெருங்கும். மாதச் சம்பளக்காரனுக்கு விடுமுறையில் சம்பளம் ஓடும். கூலிக்காரனுக்கு விடுமுறையே ஒரு செலவு. உல்லாசப் பயண விளம்பரம் எதிலும் இந்த வரி இருக்காது.

இதைவிட அமைதியான தீவு வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்துக்கு அப்பால் நெடுந்தீவு இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கியது. ஆனால் பாஸ்போர்ட் கட்டணமே பெரியவர் இருவருக்கு 3,000, மூத்த குடிமகளுக்குப் பத்து சதவீதம் போக 1,350, பிள்ளைகள் இருவருக்கு 2,000. ஆக 6,350. வாசல்படி தாண்டுமுன்பே ராமேஸ்வரச் செலவு முழுவதும் போய்விடுகிறது.

ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது, தண்ணீர். ஆளுக்கு மூன்று லிட்டர் வீதம் 15 லிட்டர் தனுஷ்கோடிக்குக் கையோடு போக வேண்டும். அங்கே தங்க இடமில்லை, மாலைக்குள் திரும்பிவிடவும் வேண்டும். ஆனால் அங்கே குடியிருக்கும் மீனவக் குடும்பங்கள் மணலில் சில அடி தோண்டி ஊற்று எடுக்கிறார்கள், இரு பக்கமும் உப்புக்கடல், நடுவில் நல்ல தண்ணீர். மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பேறிவிடும், மேலாக அகப்பையால் கோரி ஊற்ற வேண்டும். குண்டாற்றில் ஊற்றுத் தோண்டிய அப்பத்தாவுக்கு இதை விளக்கவே வேண்டாம். அவரே பேத்திக்குச் சொல்லிக்கொடுப்பார்.

பணம் சேர்க்க வழி: வாரம் 250. ஆடிப் பெருக்கன்று, ஆகஸ்ட் 3-ல் முதல் வாரப் பணத்தை எடுத்துவைத்தால் 29 வாரத்தில் 7,250. முடிவது பிப்ரவரி 15 வாக்கில், மாசி மூன்று. மீதி 37 ரூபாய்க்குப் பேரன் உண்டியலை உடைக்கலாம்.