தோனி அவுட், சர்வர் உஷார்

2019 ஜூலை 10. மான்செஸ்டரில் நியூசிலாந்துக்கு எதிரான உலகக் கோப்பை அரையிறுதி. 92 ரன்னுக்கு ஆறு விக்கெட் போன பிறகும் தோனியும் ஜடேஜாவும் விடாமல் நின்று ஆட, அலுவலகத்திலும் பஸ்ஸிலும் இருந்தவர்களெல்லாம் செல்போனில் ஹாட்ஸ்டாரைத் திறந்தார்கள். ஒரே நேரத்தில் பார்த்தவர்கள் 2.53 கோடி, அன்றைக்கு அது உலக சாதனை. கப்டிலின் நேரடி எறியில் தோனி ரன் அவுட் ஆனாரோ இல்லையோ, கூட்டம் மளமளவென்று கரைந்து பத்து லட்சத்துக்கும் கீழே போனது.

இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கியவை அமேசான் கிளவுடில் வாடகைக்கு எடுத்த சர்வர்கள். லோடு ஏறினால் சர்வரைக் கூட்டுவதும் இறங்கினால் குறைப்பதும் கிளவுட் தானாகவே செய்துகொள்ளக்கூடிய வேலைகள். யோசனை பழையது. கணினி அமைப்புகளின் சிக்கல் கூடிக்கொண்டே போகிறது, பராமரிக்க ஆள் போதாது, நாம் நினைக்காமலே இதயம் துடிப்பதுபோல அவையும் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 2001-ல் சொன்னவர் ஐபிஎம்மின் பால் ஹார்ன். 2003-ல் அதே நிறுவனத்தின் கெபார்ட்டும் செஸ்ஸும் அதற்கு வழி வகுத்தார்கள்: கவனி, அலசு, திட்டமிடு, செய்; மறுபடி கவனி. இன்று சர்வர் வேலைகளை நிர்வகிக்கும் கூபர்நெட்டீஸ் மென்பொருள் வழக்கமாக 15 விநாடிக்கு ஒருமுறை செய்வதும் ஏறக்குறைய இதைத்தான்.

எதைக் கவனிப்பது என்பதில்தான் சிக்கல். பொதுவாக சிபியு எவ்வளவு திணறுகிறது என்று பார்ப்பார்கள். ஹாட்ஸ்டார் பொறியாளர்களுக்கு அது சரிப்படவில்லை. ஆட்டம் சூடுபிடித்தால் நிமிடத்துக்குப் பத்து லட்சம் பேர்போல வந்து குவிகிறார்கள். புது சர்வர் எழுந்து வேலைக்குத் தயாராக ஒன்றரை நிமிடமாவது வேண்டும். சிபியு திணறி, அது தெரியவந்து, சர்வர் கேட்டு வாங்குவதற்குள் ஓவர் முடிந்துவிடும். அதனால் அவர்கள் அமேசானின் ஆட்டோஸ்கேலிங்கை நம்பாமல், பார்க்கிறவர்களின் தலையை எண்ணினார்கள். இத்தனை லட்சம் பேருக்கு இத்தனை சர்வர் என்று முன்கூட்டியே சோதித்துக் கணக்கு வைத்துக்கொண்டு, இனி வரப்போகிறவர்களுக்கும் சேர்த்துக் கையிருப்பு வைத்தார்கள்.

என்னைக் கேட்டால், கூட்டுவதைவிடக் குறைப்பதில்தான் சாமர்த்தியம் வேண்டும். விக்கெட் விழுந்ததும் பலர் ஆப்பை மூடுவதில்லை, ‘பேக்’ பட்டனை அழுத்துகிறார்கள். வீடியோ லோடு சரிகிறது. ஆனால் அவ்வளவு பேரும் ஒரே மூச்சில் முகப்புப் பக்கத்தில் வந்து விழுகிறார்கள். அந்தப் பக்கமோ ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பரிந்துரை தயாரிக்க வேண்டும். வீடியோவை மட்டும் பார்த்துவிட்டு ‘கூட்டம் போயிற்று’ என்று எல்லா சர்வர்களையும் அணைத்திருந்தால், தோற்ற கடுப்பில் இருந்தவர்களுக்கு ஆப்பும் படுத்திருக்கும். கூபர்நெட்டீஸும் கூட்டுவதை உடனே செய்யும். குறைப்பதற்கு மட்டும் ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்க்கும்.

இதெல்லாம் கவனிக்கும் தகவல் ஒழுங்காக வந்து சேரும்வரைதான். 2021 டிசம்பர் 7-ல் வடக்கு வர்ஜீனியாவில் அமேசானுக்கே அந்தத் தகவல் அறுந்தது. ஒரு சேவையின் திறனைத் தானாகக் கூட்டும் வேலை ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தொடர்ந்து உள் நெட்வொர்க்கில் இருந்த ஏராளமான கணினிகள், யாரும் எதிர்பாராத விதத்தில், இணைப்பு கேட்டு முண்டியடித்தன. பதில் தாமதமாகத் தாமதமாகத் திரும்பத் திரும்பக் கேட்டு நெரிசலை இன்னும் இறுக்கின. மானிட்டரிங் தகவலும் அதே நெட்வொர்க்கில்தான் போய்வந்துகொண்டிருந்தது. எங்கே அடைப்பு என்று காட்ட வேண்டிய நேரடித் தகவல் வராததால், பொறியாளர்கள் லாக்குகளைப் புரட்டிக் காரணம் தேடினார்கள். முதலில், கணினிப் பெயர்களுக்கு முகவரி தேடித்தரும் உள் டிஎன்எஸ் போக்குவரத்தை வேறு பாதைக்குத் திருப்பினார்கள். பசிபிக் நேரப்படி காலை ஏழரைக்குத் தொடங்கிய நெட்வொர்க் நெரிசல் முழுதாகத் தீரப் பிற்பகல் 2.22 ஆயிற்று. தானாகத் திறன் கூட்டும் அந்த வேலையை அமேசான் நிறுத்திவைத்தது; எல்லாத் திருத்தங்களும் முடியும்வரை மறுபடி ஓட்டுவதில்லை என்றும் அறிவித்தது.