180 டன் தொலைநோக்கியும் லடாக்கின் காற்றும்

புது தில்லி: லடாக்கின் ஹான்லேயில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,300 மீட்டர் உயரத்தில் கூரையின்றித் திறந்தவெளியில் நிற்கிறது 'மேஸ்' காமா கதிர்த் தொலைநோக்கி. ஹைதராபாதில் உள்ள பொதுத்துறை நிறுவனமான இசிஐஎல் உள்ளிட்ட இந்தியத் தொழில் நிறுவனங்களின் துணையுடன் பாபா அணு ஆராய்ச்சி மையம் இதை அமைத்துள்ளது. அணுசக்தித் துறைச் செயலர் அஜித் குமார் மொஹந்தி 2024 அக்டோபர் 4-ம் தேதி இதைத் தொடங்கி வைத்தார்.

21 மீட்டர் விட்டமுள்ள ஒளி திரட்டும் வட்டிலைத் தாங்கித் திருப்பும் கட்டமைப்பே இதன் உயிர்நாடி. மொத்த எடை 180 டன். 27 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தண்டவாளத்தில் 6 சக்கரங்கள் உருண்டு இதனைப் பக்கவாட்டில் திருப்புகின்றன. மற்றோர் அச்சு மேலும் கீழும் சாய்க்கிறது. பூமி சுழல்வதால் நகர்வதுபோலத் தோன்றும் விண்பொருளை இரவு முழுவதும் பிசகின்றிப் பின்தொடர வேண்டும்.

இங்கு முதல் எதிரி காற்று. மணிக்கு 30 கி.மீ. வரை காற்று வீசினாலும் தொலைநோக்கி இயங்கும், 150 கி.மீ. வேகக் காற்றிலும் கட்டமைப்பு சிதையாது என்பதே வடிவமைப்பின் இலக்கு.

இத்தகைய பெரும் இயந்திரங்களில் பாதுகாப்பு, அடுக்கடுக்காக அமைக்கப்படுவது வழக்கம். இரு மோட்டார்கள் ஒன்றுக்கொன்று எதிராக இழுத்துப் பற்சக்கரங்களின் தளர்வைப் போக்கும். மின்சாரம் பாயும்போது மட்டுமே பிரேக்குகள் விடுபடும். அது நின்றால், வில்சுருள்களின் விசையால் தாமே பிடித்துக்கொள்ளும். வரம்பு மீறிய சுழற்சியை முதலில் கணினியும், அது தவறினால் மின்விசையும், இறுதியில் முட்டுக்கட்டையும் தடுக்கும். பராமரிப்புப் பணியாளர் அருகில் இருக்கும்போது எவரும் தொலைவிலிருந்து இயக்கிவிடாதபடி பூட்டும் உண்டு.

மேஸ் தொலைநோக்கியைத் தொலைவிலிருந்தே இயக்க முடியும் என்பதால் இவை இன்றியமையாதவை. 2014 ஜூனில் லடாக்குக்கு அனுப்பும் முன்னரே, இயக்க அமைப்பும் பாதுகாப்பு ஏற்பாடுகளும் ஹைதராபாதில் சோதிக்கப்பட்டன.

ஹான்லேயிலேயே உள்ள 2 மீட்டர் சந்திரா தொலைநோக்கி அமெரிக்க நிறுவனத்தின் தயாரிப்பு. உத்தரகண்டின் தேவஸ்தலில் உள்ள 3.6 மீட்டர் தொலைநோக்கி பெல்ஜியத்தில் உருவானது. எட்டாத உயரத்தில் ஓர் உதிரிபாகம் பழுதானால், அதைச் சீராக்கும் அறிவு உள்நாட்டில் இருப்பதே உண்மையான தற்சார்பு. அடுத்து அமையவிருக்கும் தொலைநோக்கிகளிலும் கண்ணாடியின் அளவுக்குத் தரப்படும் முக்கியத்துவம், அதைத் தாங்கும் இயந்திரத்துக்கும் தரப்பட வேண்டும்.