வீதி நாடகமும் மாணவர் கடமையும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவி)

நாடகம் என்றவுடன் நம் மனக்கண்முன் வருபவை திரைச்சீலை, வண்ண விளக்கு, ஒப்பனை, நுழைவுச்சீட்டு ஆகியவையே. நம் கல்லூரி விழாவில் நாம் காணும் நாடகமும் அத்தகையதே. இவற்றுள் ஒன்றுகூட இல்லாமல், பேருந்து நிற்கும் இடத்திலோ, கோவில் திடலிலோ, சந்தையின் ஓரத்திலோ நடக்கும் நாடகம் ஒன்று உண்டு. அதைத் தேடி மக்கள் வருவதில்லை. மக்களைத் தேடி அது செல்கிறது. அதுவே வீதி நாடகம். வட இந்தியாவில் இதனை ‘நுக்கட் நாடகம்’ என்பர். நுக்கட் என்றால் தெருமுனை.

சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாமின்போது, சேர்வராயன் மலையில் என் சொந்த ஊராகிய மாரமங்கலத்தில் நாங்கள் பத்துப் பேர் ஒரு வீதி நாடகம் நடத்தினோம். வீதி நாடகம் எங்கிருந்து வந்தது, எவ்வாறு இயங்குகிறது, மாணவர் கையில் எங்கே தவறுகிறது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். தவறும் இடத்தை நான் நன்கறிவேன். தவறியவர்களுள் நானும் ஒருத்தி.

தோற்றமும் வளர்ச்சியும்

தெருக்கூத்து நமக்குப் புதிதன்று. சேலம், தருமபுரிப் பக்கத்து ஊர்களில் விடிய விடியப் பாரதக் கதை நடந்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அதில் வரும் கட்டியங்காரன் கதைக்கு வெளியே வந்து, ஊர் நடப்பைக் கேலி செய்துவிட்டு மீண்டும் கதைக்குள் புகுவான். வீதி நாடகம் தெருக்கூத்தன்று. கூத்துக்கு இரவு முழுதும் வேண்டும். இதற்கு இருபது முப்பது நிமிடம் போதும். கூத்தில் புராணம் கதை. இதில் நேற்று நடந்தது கதை. எனினும் கட்டியங்காரனின் துணிச்சல் இரண்டுக்கும் பொது எனலாம்.

சமூகச் சிக்கலை நாடகமாக்கி மக்களிடம் கொண்டுசெல்லும் முயற்சி 1943-இல் தோன்றிய இந்திய மக்கள் நாடக மன்றத்தால் நாடெங்கும் பரவியது. அவ்வாண்டு வங்காளத்தில் கொடிய பஞ்சம். அப்பஞ்சத்தைப் பொருளாகக் கொண்ட ‘நபான்ன’ என்னும் நாடகம் 1944-இல் அரங்கேறியது.

பின்னர் வந்தவர் பாதல் சர்க்கார். பொறியியல் படித்து நகரமைப்புத் துறையில் பணியாற்றியவர். மேடையையும் விளக்கையும் விட்டு, நடிகரின் உடலையும் குரலையும் மட்டுமே நம்பும் அரங்கை உருவாக்கி, அதனை ‘மூன்றாம் அரங்கு’ என்றார். 1980-இல் சென்னையை அடுத்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் அவர் நடத்திய பயிற்சிப் பட்டறை, தமிழ்நாட்டு நவீன நாடகக்காரர்கள் பலருக்குப் புதிய வழியைக் காட்டியது. அதற்குமுன்பே, 1978-இல் சென்னையில் ஞாநியின் ‘பரீக்ஷா’ குழுவும் மதுரையில் மு. இராமசுவாமியின் ‘நிஜ நாடக இயக்க’மும் தொடங்கியிருந்தன. 1984-இல் பிரளயனின் ‘சென்னைக் கலைக்குழு’ தோன்றியது. 1990-களில் அறிவொளி இயக்கத்தின் கலைக்குழுக்கள் எழுத்தறிவின் தேவையை ஊர் ஊராகப் பாடியும் நடித்தும் சென்றன.

தில்லியில் 1973-இல் தொடங்கிய ‘ஜன நாட்டிய மஞ்ச்’ 1978-இல் ‘மெஷின்’ என்ற வீதி நாடகத்தை நடத்தியது. நடிகர்கள் தங்கள் உடல்களாலேயே ஓர் இயந்திரமாக அமைந்து இயங்க, அது திடீரென்று நின்றுபோவதில் நாடகம் தொடங்கும். மொத்தம் பதின்மூன்று நிமிடமே. அக்குழுவைச் சேர்ந்த சஃப்தர் ஹாஷ்மி, கல்லூரி விரிவுரையாளராக இருந்தவர். 1989 சனவரி 1 அன்று காசியாபாத்தை அடுத்த ஜண்டாபூரில் ‘ஹல்லா போல்’ நாடகம் நடந்துகொண்டிருந்தபோது தாக்கப்பட்டு, மறுநாள் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்து நான்கு. சனவரி 4 அன்று அவர் துணைவியார் மொலொய்ஸ்ரீ ஹாஷ்மி அதே இடத்துக்குக் குழுவுடன் திரும்பிச் சென்று, பாதியில் நின்ற நாடகத்தை நடித்து முடித்தார். ஹாஷ்மியின் பிறந்தநாளான ஏப்ரல் 12 இன்று தேசிய வீதி நாடக நாளாகப் போற்றப்படுகிறது.

நாடகத்துக்கு அஞ்சியவர்களுள் அரசுகளும் உண்டு. 1876-இல் ஆங்கில அரசு நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றியது. 2018-இல்தான் அது நீக்கப்பட்டது. தமிழ்நாட்டின் 1954-ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தை எதிர்த்து ஞாநி தொடுத்த வழக்கில், அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாவென்று சென்னை உயர்நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. நாம் இன்று தெருவில் நின்று பேசும் உரிமை எளிதில் வந்ததன்று என்பதை மாணவர் நினைவிற்கொள்ள வேண்டும்.

வட்டத்தின் அறிவியல்

வீதி நாடகம் ஏன் வட்டமாக நடத்தப்படுகிறது? இயற்பியல் மாணவி என்ற முறையில் இதற்கு விடை கூற விரும்புகிறேன். திறந்தவெளியில் ஒலியின் செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். தொலைவு இரட்டித்தால் செறிவு நான்கில் ஒன்றாகிவிடும். ஆகவே ஒலிபெருக்கி இல்லாதவருக்கு அண்மையே துணை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நடுவில் 3 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தை நடிப்பதற்கு விட்டு, அதைச் சுற்றி 6 மீட்டர் ஆரம் வரை மக்கள் உட்கார்ந்தால், அவர்களுக்குக் கிடைக்கும் பரப்பு ஏறத்தாழ 85 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு இருவர் வீதம் 170 பேர் உட்காரலாம். நடுவில் நிற்பவருக்கும் கடைசி ஆளுக்கும் இடையே 6 மீட்டர்தான். இதே 170 பேரை 6 மீட்டர் அகல மேடைக்கு எதிரே வரிசையாக உட்கார வைத்தால், கடைசி வரிசை 14 மீட்டர் தள்ளிப் போய்விடும். அங்கே சேரும் ஒலி, வட்டத்தின் கடைசி ஆளுக்குச் சேர்வதில் ஐந்தில் ஒரு பங்குகூட இராது.

வட்டத்துக்கும் ஒரு குறை உண்டு. நடிப்பவரின் முதுகு எப்போதும் யாரோ சிலரை நோக்கியே இருக்கும். எனவே எவரும் ஒரே இடத்தில் நின்று பேசலாகாது; திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். வசனம் சிறியதாக இருத்தல் நலம். முக்கியமான சொல்லை இருமுறை, இரு திசையில் சொல்ல வேண்டும். அல்லது குழுவினர் சேர்ந்து பாட்டாக்கிச் சொல்ல வேண்டும்.

பொருட்செலவு மிகக் குறைவு. எங்களிடம் இருந்தவை ஒரு தப்பு, இரண்டு துண்டு, ஒரு குடை மட்டுமே. துண்டு தலைக்கு வந்தால் தகப்பன். தோளுக்கு வந்தால் தரகர். கையில் சுருட்டினால் கைக்குழந்தை. எல்லாரும் கறுப்புச் சட்டை அணிந்தோம். மக்களைக் கூட்டத் தப்பொலி ஒன்றே போதுமானதாக இருந்தது.

மாரமங்கலத்தில் நடந்தது

பெண்பிள்ளைகளின் படிப்பு பாதியில் நிற்பதும், பதினெட்டு நிறையுமுன் அவர்களுக்கு மணம் பேசப்படுவதும் எங்கள் நாடகத்தின் பொருள். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்ணுக்குப் பதினெட்டும் ஆணுக்கு இருபத்தொன்றும் நிறையாமல் நடக்கும் மணம் குழந்தைத் திருமணம் என்பதையும், 1098 என்ற எண்ணில் உதவி கேட்கலாம் என்பதையும், அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்று கல்லூரி சேரும் மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் என்பதையும் சேர்த்திருந்தோம். அந்த ஆயிரம் ரூபாயில்தான் நானும் படிக்கிறேன்.

கதை எளியது. குடிகாரத் தகப்பன் ஒருவன் மகளின் புத்தகப் பையைப் பிடுங்கி எறிகிறான், மாணவர் குழு வந்து அறிவுரை கூறுகிறது, அவன் திருந்துகிறான். தகப்பன் வேடம் எனக்கு. நான் அந்த ஊர்க்காரி ஆகையால் பேச்சு வழக்கு இயல்பாக வரும் என்று தோழியர் கூறினர். நானும் சற்றும் சிந்திக்காமல் என் தந்தையின் நடையையும், துண்டை உதறும் விதத்தையும், இருமலையும் அப்படியே எடுத்து ஆடினேன். என் தந்தை குடிப்பவர் அல்லர். ஆனால் என் அக்காளின் படிப்பைப் பத்தாம் வகுப்போடு நிறுத்தியவர்.

மாலை ஐந்து மணி. காப்பித் தோட்டத்து வேலை முடிந்து வந்தவர்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் துண்டை உதறியதும் கொல்லென்று சிரிப்பு எழுந்தது. நான் உற்சாகத்தில் இன்னும் மிகையாக ஆடினேன். அப்போதுதான் வட்டத்தின் ஓரத்தில் என் தந்தை நிற்பதைக் கண்டேன். அவர் சிரிக்கவில்லை. நாடகம் முடியுமுன்பே போய்விட்டார்.

முடிந்ததும் ஓர் ஆயா எழுந்து நின்றார். “நல்லாத்தான் ஆடுனீங்க கண்ணு. ஆனா அந்தப் புள்ளையப் படிக்க அனுப்பாதது அப்பன் மட்டுந்தானா? இருட்டுனா காட்டுமாடு நிக்கிற தடத்துல அது தனியா எப்பிடி ஊடு வந்து சேரும்? நீங்க காட்டுன ஊர்ல தடமே இல்லியே. அதையுஞ் சேர்த்து ஆடுங்க” என்றார்.

எங்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதே தடத்தில்தான் என் தந்தை நான் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை நாள்தோறும் விளக்கெடுத்துக்கொண்டு எதிரே வந்து என்னை அழைத்துச் சென்றார். அக்காள் படித்த நாளில் அவருக்குத் தோட்டத்தில் கூடுதல் வேலை, வர இயலவில்லை, அதனால் நிறுத்தினார். இதை அறிந்திருந்தும், மேடைக்கு ஏற்ற வில்லன் வேண்டும் என்பதற்காக அதை மறந்தேன்.

திருத்திய நாடகம்

அன்றிரவே முகாமில் உட்கார்ந்து நாடகத்தை மாற்றினோம். குடிகாரனை நீக்கினோம். அறிவுரை கூறும் மாணவர் குழுவையும் நீக்கினோம். ஆறு பேர் வரிசையாக நின்று மலைத்தடமாக ஆனார்கள், ஒருவர் காட்டுமாடு. குடையைப் பிடித்துக்கொண்டு சிறுமி நடந்து வர, தகப்பன் வேலைக்கும் தடத்துக்கும் இடையே அல்லாடுகிறான். தரகர் வந்து மணம் பேசும் இடத்தில் நாடகத்தை நிறுத்தினோம். “இப்போது இவர் என்ன செய்யட்டும்? நீங்கள் சொல்லுங்கள்” என்று சுற்றி இருந்தவர்களைக் கேட்டோம். இம்முறையைப் பிரேசில் நாட்டு நாடக அறிஞர் அகஸ்டோ போவால் ‘மன்ற அரங்கு’ என்ற பெயரில் வளர்த்தார் என்பதைப் பின்னரே எங்கள் தமிழ்த்துறை விரிவுரையாளர் கூற அறிந்தோம்.

மறுநாள் பக்கத்துச் சிற்றூரில் இதை நடித்தபோது சிரிப்பு குறைந்தது, பேச்சு மிகுந்தது. ஒரு தாய் வட்டத்துக்குள் வந்து தகப்பன் இடத்தில் நின்று தரகருக்கு மறுமொழி கூறினார். பிள்ளைகள் சேர்ந்து வரவும், வீட்டுக்கு ஒருவர் முறைவைத்து எதிர்கொண்டு அழைக்கவும் அங்கேயே சிலர் பேசிக்கொண்டனர். தெருவிளக்கு கேட்டு மனு எழுத எங்களையே பணித்தனர். எழுதிக் கொடுத்தோம். விளக்கு இன்னும் வரவில்லை. முறைவைத்து அழைப்பது நடந்துவருவதாக, இப்பொங்கல் விடுமுறையில் சென்றபோது கேள்வியுற்றேன்.

நாம் கொள்ள வேண்டியவை

24-9-1969 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவரோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியபோது, மாணவர் சமுதாயத்திடம் கற்கவும் வேண்டும் என்பதே கருத்து. நாமோ கற்பிக்க மட்டுமே செல்கிறோம். இன்று பல கல்லூரி விழாக்களில் வீதி நாடகம் ஒரு போட்டியாகிவிட்டது. உரத்த குரலும் கைதட்டலும் பரிசு பெறுகின்றன. அது பயிற்சிக்கு நன்று. ஆனால் யாரைப் பற்றிய நாடகமோ அவர் அங்கே இருப்பதில்லை.

எனவே, நாடகம் போட விழையும் தோழர்களுக்குச் சில சொற்கள்: எழுதுமுன் அவ்வூரில் இரண்டு நாளாவது கேட்டறியுங்கள். ஊராட்சித் தலைவருக்கும் காவல் நிலையத்துக்கும் முன்னரே தெரிவியுங்கள். தனி ஒருவரை அடையாளம் தெரியும்படி ஆடாதீர்கள். ஏழையின் பேச்சையும் உடையையும் நகைச்சுவைக்குப் பயன்படுத்தாதீர்கள். நாடகத்துக்கு ஆகும் நேரத்தில் பாதியையாவது பின்னர் மக்களோடு பேச ஒதுக்குங்கள்.

முகாமின் கடைசி நாள் மூன்றாம் முறையாக அந்நாடகத்தை எங்கள் ஊரிலேயே நடித்தோம். இம்முறை தகப்பன் வேடம் தோழி ஒருத்திக்கு. நான் தடத்தில் ஒரு கல். என் தந்தை வந்திருந்தார், இறுதிவரை இருந்தார். வீட்டுக்கு நடக்கையில் நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர், “தடத்தைச் சேர்த்தீங்க பாரு, அது சரி” என்றார். வேறெதுவும் கூறவில்லை.

வீதி நாடகம் பிறரைத் திருத்தும் கருவி என்று எண்ணிச் சென்றேன். முதலில் திருந்தியது நாடகமும் நானுமே. வரும் ஆண்டு முகாமுக்குச் செல்லும் தம்பி தங்கையர் தப்பை எடுத்துச் செல்லட்டும். கூடவே கேட்கும் காதையும் எடுத்துச் செல்வார்களாக.