அவள் சொல்லமாட்டாள், நீ கேள்!

தோழர்களே! தறியின் ஓசை சற்று மாறினால் நம் காது அறிந்துவிடும். வீட்டிலே ஒருத்தி பத்து நாளாய் உதிரம் சிந்திப் படியேற முடியாமல் மூச்சு வாங்குகிறாளே, கேட்டதுண்டா? "பெண்கள் சமாச்சாரம்" என்று துண்டை உதறிக் கிளம்புகிறோம்! தீட்டென்று ஒதுக்கிவைத்த ஊர், நோயையும் சேர்த்தல்லவா மறைத்துவைத்தது?

மாதவிலக்கு தொடங்கிய நாள்முதல் அடுத்தது தொடங்கும் நாள்வரை எண்ணினால், 21 முதல் 35 நாள்வரை இயல்பு. பூப்பெய்திய மகளுக்கு முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பின்னாகத்தான் வரும். மந்திரிக்க இழுத்துப் போகாதீர்கள்!

மூன்று மாதம் வராவிட்டால், ஏழு நாளுக்கு மேல் நீடித்தால், இடையிடையே பட்டால், மருத்துவரிடம் காட்டவேண்டும். கருவாக இருக்கலாம், தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி, கருப்பைக் கட்டி எதுவாகவும் இருக்கலாம். மணிக்கொரு துணி நனைந்து தலையும் சுற்றுகிறதா? விடியட்டும் என்று காத்திராதீர். அந்த இரவே ஆஸ்பத்திரி!

இன்னொன்று. விலக்கு நின்று ஓராண்டு கழிந்த தாய்க்கு ஒரு துளி பட்டாலும், ஒரே துளிதான், தள்ளிப்போடக் கூடாது. புற்றுநோயாய் இருக்கலாம். பெரும்பாலும் இராது. பார்க்காமல் யார் சொல்வது?

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. சத்துக் குறைவு ஒரு காரணம். மாதந்தோறும் மிகையாய்ப் போகும் இரத்தமும் ஒரு காரணம்.

தேதிகளைக் காலண்டரில் குறித்து அரசு மருத்துவமனை மகளிர் பிரிவுக்கு எடுத்துப் போகட்டும். ஒருநாள் கூலி போகுமே என்கிறீரா? போகட்டும், தோழரே! வரிசையில் நீரும் கூட நில்லும்.