ஒரு புள்ளி விட்டால் போச்சு! சி.என்.சி பட்டறையின் பாஷை தெரியுமா?

'வி.எம்.சி ஆபரேட்டர், செட்டர் தேவை. ஐடிஐ அல்லது டிப்ளமோ. ஃபேனக் தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை. தங்குமிடம் உண்டு.'

வாட்ஸ்அப் குரூப்களில் இந்த மாதிரி விளம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள். கோவை, ஓசூர், அம்பத்தூர் என்று ஊர்ப் பெயர் மட்டும் மாறும். தென்காசிப் பக்கத்தில் இலத்தூர் மாதிரி ஓர் ஊரில், பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இது வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? பிள்ளை 'நான் சி.என்.சி படிக்கப் போறேன்' என்கும். அப்பா தலையை ஆட்டுவார். அம்மா, 'அது என்னடே, கம்ப்யூட்டர் வேலையா, இரும்பு வேலையா?' என்று கேட்பார்.

அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. இரண்டும்தான் என்பது பதில்.

மத்தளம்பாறையில் 2011-ல் ஸோஹோ அலுவலகம் வந்த பிறகு, எங்கள் பக்கத்தில் 'கோடிங்' என்றால் ஏ.சி. அறையும் லேப்டாப்பும்தான் நினைவுக்கு வருகின்றன. இன்னொரு கோடிங் இருக்கிறது. அதில் ஒரு புள்ளி விட்டுப்போனால் திரையில் சிவப்பு எழுத்து வருவதோடு முடியாது. இரும்பும் இரும்பும் மோதும். செங்கோட்டையில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறிப் போகிற பிள்ளை என்ன வேலைக்குப் போகிறது என்பது வீட்டில் இருக்கிறவர்களுக்கும் புரிய வேண்டும். அதற்குக் கொஞ்சம் பட்டறை பாஷை தெரிந்தால் போதும்.

மோர் கடைவதும் இரும்பு கடைவதும்

பாடப்புத்தகம் லேத்தை 'கடைசல் இயந்திரம்' என்று சொல்லும். பட்டறையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, 'லேத்து'தான். ஆனாலும் கடைசல் அருமையான சொல். மோர் கடைகிறோமே, அதே 'கடை'தான். மத்தில் கயிற்றைச் சுற்றி இழுத்தால் மத்து சுழலும். பழைய கால மரக்கடைசலிலும் கயிற்றை இழுத்துத்தான் கட்டையைச் சுழற்றினார்கள். சுழலும் கட்டையில் உளியை வைத்தால் வட்டமாகச் சீவும்.

அம்பாசமுத்திரம் மரச்செப்பு வைத்து விளையாடியவர்களுக்கு இது உடனே புரியும். குட்டிப் பானை, உரல், அம்மி. இவற்றில் உருண்டையாக இருப்பதெல்லாம் கடைசலில் பிறந்ததுதான். கட்டை சுற்றும், உளி சுற்றாது. லேத் என்பது இவ்வளவுதான். கட்டைக்குப் பதில் இரும்பு.

மில்லிங் இதற்கு நேர் எதிர். கையால் சுற்றும் தேங்காய் துருவியை நினைத்துக்கொள்ளுங்கள். சுழல்வது பல், தேங்காய் மூடியை நாம் பிடித்துக்கொள்கிறோம். மில்லிங்கில் கருவி சுழலும். வேலை செய்ய வேண்டிய துண்டு மேஜையில் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். அந்தத் துண்டுக்குப் பட்டறையில் 'ஜாப்' என்று பெயர். 'ஜாப் கெட்டுப்போச்சு' என்று பிள்ளை போனில் சொன்னால் வேலை போய்விட்டதோ என்று பதற வேண்டாம். ஒரு இரும்புத் துண்டு வீணாகியிருக்கிறது.

இந்த இரண்டையும் கம்ப்யூட்டர் ஓட்டினால் அது சி.என்.சி. கம்ப்யூட்டர் நியூமரிக்கல் கன்ட்ரோல் என்பதன் சுருக்கம். எண்களால் ஓட்டுவது என்று பொருள். இரண்டு வகையும் சி.என்.சி என்றாலும், நம் ஊர்ப் பேச்சு வழக்கில் 'சி.என்.சி' என்றால் லேத் வகை, 'வி.எம்.சி' என்றால் மில்லிங் வகை. வி.எம்.சி என்பது வெர்ட்டிக்கல் மெஷினிங் சென்டர். கருவி மேலிருந்து செங்குத்தாக இறங்கும். படுக்கை வாட்டில் வந்தால் எச்.எம்.சி.

'மெஷின் டூல்' என்ற சொல்லும் அடிக்கடி காதில் விழும். மற்ற இயந்திரங்களின் பாகங்களைச் செய்கிற இயந்திரம் அது. தாய் இயந்திரம் என்பார்கள். தாத்தா கையில் கட்டியிருந்த எச்.எம்.டி கடிகாரம் ஞாபகம் இருக்கிறதா? ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்பதுதான் அதன் விரிவு. 1953-ல் பெங்களூரில் தொடங்கிய அந்த நிறுவனம் முதலில் செய்தது லேத்துகள். கடிகாரம் 1961-ல்தான் வந்தது.

ஹெலிகாப்டர் இறக்கையும் சாம்பல் கிண்ணமும்

எண்களால் இயந்திரத்தை ஓட்டும் யோசனை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தது. ஹெலிகாப்டர் இறக்கை செய்துகொண்டிருந்த ஜான் பார்சன்ஸ் என்பவருக்கு ஒரு சிக்கல். இறக்கையின் வளைவு கைக்கு அகப்படவில்லை. வளைவின் மேல் நூற்றுக்கணக்கான புள்ளிகளைக் கணக்குப் போட்டு, கருவியை ஒவ்வொரு புள்ளிக்கும் நகர்த்தினால் என்ன என்று யோசித்தார். அமெரிக்க விமானப்படை பணம் கொடுத்தது. எம்.ஐ.டி. ஆய்வகம் 1952-ல் அப்படி ஓடும் மில்லிங் மெஷினைச் செய்து காட்டியது. கட்டளைகள் ஓட்டை போட்ட காகித நாடாவில் இருந்தன. 1959-ல் இதற்கென்று எழுதிய ஏ.பி.டி. என்ற கம்ப்யூட்டர் மொழியை அறிமுகப்படுத்தியபோது, பத்திரிகைக்காரர்களுக்கு அந்த முறையில் வெட்டிய அலுமினிய சாம்பல் கிண்ணத்தைப் பரிசாகக் கொடுத்தார்கள்! (இன்று கொடுத்தால் வேறு ஏதாவது கிண்ணமாகத்தான் இருக்கும்.)

விளம்பரத்தில் வரும் ஃபேனக், ஜப்பான் நிறுவனம். இயந்திரத்தின் மூளையான கன்ட்ரோலரைச் செய்கிறது. தமிழ்நாட்டுக் கதை என்றால் கோவையைத்தான் சொல்ல வேண்டும். நூற்பாலை இயந்திரங்கள் செய்துவந்த எல்.எம்.டபிள்யூ. நிறுவனம் 1988-ல் மெஷின் டூல் பிரிவைத் தொடங்கியது. நூற்பாலையும் மோட்டார் பம்பும் இருந்த ஊரில் லேத் பட்டறைகள் பெருகின; அடுத்து சி.என்.சி வந்தது.

ஜி, எம், ஒரு புள்ளி

மெஷினுக்குத் திசை சொல்ல மூன்று எழுத்துகள்: எக்ஸ், ஒய், இசட். மேஜையில் இடது வலது எக்ஸ், முன் பின் ஒய், மேல் கீழ் இசட். லேத்தில் பெரும்பாலும் இரண்டு போதும். ஜாப்பின் நீளவாக்கு இசட். அதன் விட்டத்தைக் குறைப்பது எக்ஸ்.

இப்போது கட்டளைகள். ஜி என்று தொடங்குபவை பெரும்பாலும் நகர்வுக்கு. ஜி00 என்றால் 'சீக்கிரம் போ'. வெட்டாமல் காற்றில் பாய்வதற்கு. ஜி01 என்றால் 'நேர்கோட்டில் வெட்டிக்கொண்டே போ'. ஜி02 கடிகாரச் சுற்றில் வளைவு, ஜி03 அதற்கு எதிர்ச்சுற்று. எம் என்று தொடங்குபவை சுவிட்ச் மாதிரி. எம்03 ஸ்பிண்டிலைச் சுற்று, எம்05 நிறுத்து, எம்06 கருவியை மாற்று, எம்08 கூலன்ட்டைத் திற, எம்09 மூடு, எம்30 முடிந்தது. கூலன்ட் என்பது வெட்டும் இடத்தில் ஊற்றும், நீர் மோர் மாதிரி வெளுத்த திரவம்.

'ஜி00 எக்ஸ்46. இசட்2.' என்று ஒரு வரி. அடுத்த வரி, 'ஜி01 இசட்-40. எஃப்0.2'. இதைத் தமிழில் படித்தால்: 46 மில்லிமீட்டர் விட்டம் வரும் இடத்துக்கு, ஜாப்பின் முகத்துக்கு 2 மில்லிமீட்டர் முன்னால் வேகமாக வந்து நில். பிறகு முகத்திலிருந்து 40 மில்லிமீட்டர் உள்ளே வரை, ஒரு சுற்றுக்கு 0.2 மில்லிமீட்டர் வீதம் வெட்டிக்கொண்டே போ. அந்த எஃப்தான் ஃபீடு.

46-க்குப் பின்னால் ஒரு புள்ளி நிற்கிறதே, கவனித்தீர்களா? சில கன்ட்ரோலர்களில், அதன் அமைப்பைப் பொறுத்து, அந்தப் புள்ளி இல்லாவிட்டால் 46 என்பது 46 மில்லிமீட்டர் அல்ல, 46 மைக்ரான். அதாவது 0.046 மில்லிமீட்டர். 46-ல் நிற்க வேண்டிய கருவி, ஜி00 வேகத்தில் ஜாப்பின் நடுமையத்தை நோக்கிப் பாயும். நடுவில் சுழன்றுகொண்டிருக்கும் இரும்பு இருந்தால்? அதற்குத்தான் பட்டறையில் 'கிராஷ்' என்று பெயர். கருவி உடையும், ஸ்பிண்டில் அடிவாங்கும், செலவு லட்சக்கணக்கில் போகும். கதவு மூடியிருந்தால் ஆள் தப்பிப்பார்.

அதனால்தான் புது புரோகிராமை யாரும் நேராக ஓட்டுவதில்லை. 'சிங்கிள் பிளாக்' போட்டு ஒவ்வொரு வரியாக ஓட்டுவார்கள். வேகத்தைக் குறைக்கும் திருகு ஒரு கையில் இருக்கும். இன்னொரு கை ஃபீடு ஹோல்டு பட்டனை விட்டு அகலாது. காளான் மாதிரி சிவப்பாகத் தலை நீட்டியிருப்பது எமர்ஜென்சி பட்டன்; அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் யாரும் மெஷின் முன் நிற்கக் கூடாது.

கருவி எங்கே இருக்கிறது என்று மெஷினுக்கு எப்படித் தெரியும்? அதற்கு 'ஜீரோ' எடுக்க வேண்டும். மெஷினுக்கென்று மாறாத ஒரு தொடக்கப் புள்ளி உண்டு. ஜாப்புக்கு வேறொரு தொடக்கப் புள்ளி. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை ஜி54 போன்ற கணக்கில் ஏற்றுவார்கள். இது ஆஃப்செட். ஒவ்வொரு கருவியின் நீளமும் வேறு என்பதால் அதற்கும் தனி ஆஃப்செட். இந்த வேலையைச் செய்பவர்தான் செட்டர். ஜாப்பை மாட்டி, பட்டனைத் தட்டி, அளந்து பார்ப்பவர் ஆபரேட்டர். கோடு எழுதுபவர் புரோகிராமர். ஒரே மெஷின், மூன்று நாற்காலி. பத்து வருடம் ஆபரேட்டராகவே நின்றவர்களும் உண்டு. இரண்டு வருடத்தில் செட்டர் ஆனவர்களும் உண்டு. ஆஃப்செட் போடும்போது பக்கத்தில் நின்று பார்த்துக் கேட்டவரா, போனைப் பார்த்தவரா என்பதில் இருக்கிறது வித்தியாசம்.

சாரல் அடித்தால் அளவு மாறுமா?

ஆசாரிகள் 'நூல்' கணக்கில் பேசுவார்கள். ஓர் அங்குலத்தில் எட்டு நூல். ஒரு நூல் மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். சி.என்.சி பட்டறையில் பேச்சு மைக்ரானில். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்று ஏறக்குறைய 50 முதல் 100 மைக்ரான் தடிமன். படத்தில் 'பிளஸ் ஆர் மைனஸ் 10 மைக்ரான்' என்று போட்டிருந்தால், அந்த எல்லைக்குள் எந்த அளவும் பாஸ். எல்லைக்குப் பெயர் டாலரன்ஸ். தாண்டினால் ரிஜெக்ஷன்.

இதில் வேடிக்கை, சூடு. 100 மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகு, ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் 1.2 மைக்ரான் அளவு நீளும். குற்றாலச் சாரல் நாளுக்கும் கத்திரி வெயிலுக்கும் 10 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், 12 மைக்ரான் மாறிப்போகும். மேலே சொன்ன டாலரன்ஸே தாண்டிவிட்டது! இதனால்தான் துல்லியமாக அளக்கும் அறையில் ஏ.சி. போட்டு 20 டிகிரியில் வைக்கிறார்கள். வெட்டி எடுத்த கையோடு சுடச்சுட மைக்ரோமீட்டர் வைத்து அளப்பவரை சீனியர்கள் திட்டுவதும் இதனால்தான்.

அப்படியானால் ஊரில் இருக்கும் பழைய லேத்து பட்டறைகளுக்கு இனி வேலை இல்லையா? நான் அப்படி நினைக்கவில்லை. அரிசி ஆலையில் ஒரு புஷ் தேய்ந்துவிட்டது. செங்கோட்டை மர அறுவை மில்லில் ஒரு ஷாஃப்ட் போய்விட்டது. ஒரே ஒரு துண்டு, அன்று சாயங்காலமே வேண்டும். இதற்கு புரோகிராம் எழுதி, ஜீரோ எடுத்து முடிப்பதற்குள் பழைய லேத்தில் அனுபவசாலி வேலையை முடித்துக் கையில் கொடுத்துவிடுவார். அதே துண்டு ஐந்தாயிரம் வேண்டும், ஐந்தாயிரமும் ஒரே அளவில் வேண்டும் என்றால்தான் சி.என்.சி. கை லேத்தில் பழகியவர் சி.என்.சிக்குப் போனால் ஒரு லாபமும் உண்டு: வெட்டும் சத்தம் மாறுவதைக் காது கண்டுபிடித்துவிடும். திரையில் அது தெரியாது.

வீட்டிலிருந்தே கேட்க வேண்டியவை

பிள்ளையிடம் முதலில் சொல்ல வேண்டியது சம்பளத்தைப் பற்றி அல்ல. சுழலும் மெஷின் முன் கையுறை போடாதே. கை பத்திரமாக இருக்கும் என்று தோன்றும். கையுறையின் நுனி சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். துப்பட்டா, கழுத்துத் துண்டு, தொளதொள முழுக்கை, மோதிரம், கையில் கட்டிய கயிறு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். இரும்புச் சுருளைக் கையால் இழுக்காதே, கொக்கி வைத்து எடு. சக் இறுக்கும் சாவியை அதிலேயே விட்டுவிட்டு மெஷினைப் போடாதே. கதவு திறந்திருந்தால் ஓடாமலிருக்க வைத்திருக்கும் பூட்டைக் கட்டிப்போட்டு ஓட்டச் சொல்லும் இடத்தில் வேலை பார்க்காதே.

படிப்பு விஷயம். ஐடிஐயில் டர்னர், மெஷினிஸ்ட், ஃபிட்டர் எல்லாமே இரண்டு வருடப் படிப்பு. பத்தாவது பாஸ் போதும். பெண் பிள்ளைகளும் சேரலாம். தமிழ்நாடு அரசு டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐகளைப் புது இயந்திரங்களோடு தொழில்நுட்ப மையங்களாக மாற்றும் திட்டத்தை எடுத்தது. 2023 ஜூலையில் முதல்வர் அவற்றில் பலவற்றைத் திறந்துவைத்தார். சேரப்போகும் ஐடிஐ அந்தப் பட்டியலில் உண்டா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

'மூன்றே மாதத்தில் சி.என்.சி புரோகிராமர்' என்று பெரிய தொகை கேட்கும் தனியார் மையத்துக்குப் போவதாக இருந்தால், பணம் கட்டும் முன் நேரில் போய்ப் பாருங்கள். கம்ப்யூட்டர் திரையில் மட்டும் ஓடிக்காட்டும் படமா, நிஜமான மெஷினா? மெஷின் இருந்தால், அதன் அடியில் இரும்புச் சுருள் விழுந்து கிடக்கிறதா, தூசி படிந்து கிடக்கிறதா? கூலன்ட் தொட்டியில் திரவம் இருக்கிறதா? ஒரு மெஷினுக்கு எத்தனை பிள்ளைகள்? ஜீரோ எடுப்பதையும் ஆஃப்செட் போடுவதையும் ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் செய்யுமா, ஆசிரியர் செய்வதைச் சுற்றி நின்று பார்க்குமா? இந்தக் கேள்விகளை அம்மாவே கேட்கலாம்.