அடுத்த குழந்தைக்கும் வருமா?

குழந்தைக்குத் தலசீமியா மேஜர் என்று உறுதியானதும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "குணமாகுமா டாக்டர்?" இரண்டு மூன்று வருடம் போன பிறகு, தயங்கித் தயங்கி இன்னொன்று வரும்: "அடுத்த குழந்தைக்கும் வருமா?" இதற்கு இன்றைய மருத்துவத்தில் தெளிவான பதில் உண்டு. ஆனால் அது உரிய நேரத்தில் கைக்கு வர வேண்டுமானால், கரு உண்டாகும் முன்பே இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். நான்காம் மாதம், ஐந்தாம் மாதம் என்று வந்து நிற்கும் தாய்மார்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை

பிறக்கும்போது குழந்தை நன்றாகத்தான் இருக்கும். கருவில் உருவான ஹீமோகுளோபின் வேறு வகை. அது முதல் சில மாதங்களுக்குக் கைகொடுக்கும். அதன் பின் பெரியவர்களுக்குரிய ஹீமோகுளோபின் அந்த இடத்துக்கு வர வேண்டும். அதற்குத் தேவையான பீட்டா புரதச் சங்கிலியை இந்தக் குழந்தைகளின் உடலால் போதுமான அளவு உண்டாக்க முடியாது. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் முகம் வெளுக்கும், எடை ஏறாது, மண்ணீரல் வீங்கி வயிறு முன்தள்ளும். பிறகு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றியாக வேண்டும்.

ரத்தம் ஏற்றும் வார்டில் ஒரு காலை நேரம் உட்கார்ந்து பார்த்தால் போதும். ஐந்து வயதுப் பிள்ளை, "இந்தக் கை வேணாம் சிஸ்டர், போன தடவ இதுலதான் நரம்பு உடைஞ்சுது" என்று தானே மறு கையை நீட்டும். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஊசி ஏறியதும் பிள்ளை கார்ட்டூன் பார்க்கத் தொடங்கிவிடும். அம்மாவின் கண் சொட்டுச் சொட்டாக இறங்கும் ரத்தத்தின் மேலேயே இருக்கும்.

ஏற்றும் ஒவ்வொரு யூனிட் ரத்தத்திலும் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு உடலுக்குள் போகிறது. அதை வெளியேற்ற உடலுக்கு வழி கிடையாது. இதயத்திலும் கல்லீரலிலும் நாளமில்லாச் சுரப்பிகளிலும் அது படிந்துவிடும். அதனால்தான் இரும்பை நீக்கும் மருந்தை ஒரு நாளும் விடாமல் கொடுக்கச் சொல்கிறார்கள். உடலில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவை அவ்வப்போது பார்க்கிறார்கள். பிள்ளை வெளுத்திருக்கிறதே என்று பாட்டி வாங்கி வரும் இரும்புச்சத்து டானிக் இங்கே கெடுதல்தான் செய்யும்.

யாரால் வந்தது?

இந்தக் கேள்வி பெரும்பாலும் தாயை நோக்கியே பாயும். "எங்க வம்சத்துல இப்படி யாருக்கும் இல்லையே" என்ற ஒரு பேச்சு போதும், ஒரு பெண் வருடக்கணக்கில் அழ. உண்மை என்னவென்றால், பழுதான மரபணு ஒன்று அம்மாவிடமிருந்தும் ஒன்று அப்பாவிடமிருந்தும் வந்தால்தான் இந்த நோய் வரும். இருவரும் கேரியர்கள், அதாவது நோயில்லாமல் மரபணுவை மட்டும் சுமப்பவர்கள். சொந்தத்தில் கல்யாணம் செய்தால் இருவரும் ஒரே பழுதைச் சுமந்திருக்கும் வாய்ப்புக் கூடும். ஆனால் அந்நியத்தில் முடித்தவர்களுக்கும் இது வருகிறது.

இருவரும் கேரியராக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு. கேரியராகப் பிறக்க 50 சதவீதம், எதுவும் இல்லாமல் பிறக்க 25 சதவீதம். "நாலுல ஒண்ணுதானே, அந்த ஒண்ணு வந்துடுச்சு, இனி பயமில்ல" என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு முறையும் அதே 25 சதவீதம், புதிதாக.

ரத்த அறிக்கையில் மறைந்திருப்பது

கேரியராக இருப்பவர் நம்மைப் போல நடமாடுவார், வேலைக்குப் போவார். கர்ப்பக் காலத்தில் ஹீமோகுளோபின் 10 என்று வரும், இரும்பு மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள், ஏறாது. அதே அறிக்கையில் கீழே இருக்கும் வரிகளைப் பார்க்க வேண்டும். சிவப்பணுவின் சராசரி அளவைச் சொல்லும் எம்.சி.வி. 64, சிவப்பணு எண்ணிக்கை 56 லட்சம் என்று இருந்தால் சந்தேகப்பட வேண்டும். இரும்புக் குறைபாட்டில் அணுக்கள் சிறுத்தால் எண்ணிக்கையும் பொதுவாகக் குறையும். தலசீமியா கேரியரிடம் அணுக்கள் சிறியதாகவும் எண்ணிக்கை அதிகமாகவும் இருக்கும். ஹெச்.பி.எல்.சி. என்ற ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஏ2 அளவு 3.5 சதவீதத்தைத் தாண்டினால் பெரும்பாலும் கேரியர். இரும்புச்சத்து மிகக் குறைந்திருந்தால் இந்த ஏ2 அளவும் சற்றுத் தாழ்ந்து காட்டலாம் என்பதால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவரே முடிவு சொல்ல வேண்டும். மனைவி கேரியர் என்று தெரிந்தால் கணவருக்கும் அன்றே பரிசோதனை செய்யுங்கள்.

'ஸ்கேன் எல்லாம் நார்மல்'

தலசீமியா விஷயத்தில் இந்த ஒரு வாக்கியம் பல பெற்றோரை ஏமாற்றியிருக்கிறது. மூன்றாம் மாத என்.டி. ஸ்கேனும் டபுள் மார்க்கரும் டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் கோளாறுகளின் வாய்ப்பைக் கணிப்பவை. ஐந்தாம் மாத அனாமலி ஸ்கேன் உறுப்புகளின் அமைப்பைப் பார்ப்பது. தாயின் ரத்தத்தில் செய்யும் வழக்கமான என்.ஐ.பி.டி. பரிசோதனையும் குரோமோசோம் எண்ணிக்கைக்கானது. பீட்டா தலசீமியா ஒரு மரபணுவுக்குள் இருக்கும் நுண்ணிய எழுத்துப்பிழை. இவற்றில் எதிலும் அது தெரியாது. அதற்கென்றே கேட்டுப் பரிசோதித்தால்தான் உண்டு.

பத்தாவது வாரத்துக்கு முன்

முதல் வேலை, கணவன் மனைவி இருவரின் ரத்தத்திலும் எந்த இடத்தில் மரபணு பழுதாகியிருக்கிறது என்று கண்டறிவது. இதைக் கருத்தரிக்கும் முன்பே, தவறினால் பத்தாவது வாரத்துக்கு முன்பாவது, செய்து அறிக்கையை வைத்துக்கொண்டால் பாதி பாரம் குறையும். கரு உண்டானதும், 11 முதல் 13 வாரத்துக்குள் ஸ்கேன் பார்த்தபடியே ஊசி மூலம் நஞ்சுக்கொடியின் சிறு துணுக்கை எடுப்பார்கள். சி.வி.எஸ். என்பது இதுதான். அந்த நாள் தவறினால் 15 வாரத்துக்குப் பின் பனிக்குட நீர் எடுத்துப் பார்க்கலாம். கரு கலையும் அபாயம் அனுபவமுள்ள கைகளில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. தாய்க்கு நெகட்டிவ் ரத்த வகை என்றால் ஆன்டி-டி ஊசி போட நினைவூட்டுங்கள்.

கருவின் பாலினத்தைச் சொல்வதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டமே ஹீமோகுளோபின் நோய்களுக்கான கருப் பரிசோதனையை அனுமதிக்கிறது. கருவுக்கு நோய் உறுதியானால் தொடர்வதா வேண்டாமா என்பது தாயின் முடிவு. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும். அதற்கு மேல் நிபந்தனைகள் கூடும். பதினெட்டு வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டும்தான் சட்டப்படி தேவை. கருவைக் கலைக்க மாட்டோம் என்று தீர்மானித்தவர்களும் பரிசோதிக்கலாம். ரத்தத்துக்கும் சிகிச்சைக்கும் முன்கூட்டித் தயாராக முடியும்.

சைப்ரஸ் தீவில் 1970களில் தொடங்கிய பரிசோதனைத் திட்டத்தால் அங்கே தலசீமியாவோடு பிறக்கும் குழந்தைகள் அனேகமாக இல்லாமலே போனார்கள். நம் ஊரிலும் முதல் கர்ப்பப் பரிசோதனையிலேயே இதைச் சேர்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மூத்த பிள்ளையின் காதில்

"இந்த டெஸ்ட் எடுத்தா, பெரியவன வேணாம்னு சொல்ற மாதிரி ஆயிடாதா?" என்று ஒரு தாய் கேட்டால், அந்த வலியை லேசாக எண்ணக் கூடாது. மூத்தவன் மேல் உள்ள பாசமும், இன்னொரு குழந்தை அந்த ஊசிகளைத் தாங்கக் கூடாது என்ற பதைப்பும் ஒரே நெஞ்சில் இருக்கலாம். ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்காது. ஆனால் பேச்சில் கவனம் வேண்டும். "உன்ன மாதிரி இன்னொண்ணு வந்துடக் கூடாதுன்னுதான்" என்பது பிள்ளையின் மனதை விட்டுப் போகாது. முறையாக ரத்தம் ஏற்றி, இரும்பை நீக்கி வளர்ந்த தலசீமியாக்காரர்கள் இன்று படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள், கல்யாணம் செய்துகொள்கிறார்கள். உடன்பிறந்தவரின் எலும்பு மஜ்ஜை பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. பொருந்தினால் மாற்று சிகிச்சையால் நோயே தீரலாம். வேலூர் சி.எம்.சி.யில் 1986இலேயே மஜ்ஜை மாற்று சிகிச்சை தொடங்கிவிட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தலசீமியாவும் இடம்பெற்றிருக்கிறது. மருத்துவமனைச் சமூகப் பணியாளரிடம் அடையாள அட்டை பற்றிக் கேளுங்கள்.

சித்தப்பா, அத்தை, மாமா

கேரியரின் உடன்பிறந்தவர் ஒவ்வொருவரும் கேரியராக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வெட்கப்பட்டு மறைக்கும் குடும்பங்களில்தான் தங்கை வீட்டிலும் இதே நோய் தெரியாமல் வந்து நிற்கிறது. உங்கள் அறிக்கையின் நகலை அண்ணன், தம்பி, அக்கா, தங்கை கையில் கொடுங்கள். அவர்களுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறதென்றால் அதற்கு முன்பே ஒரு ஹெச்.பி.எல்.சி. எடுக்கட்டும். தம்பி மனைவி இப்போது உண்டாகியிருக்கிறாள் என்றால், இந்த வாரமே தம்பிக்கும் அவளுக்கும் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும்.